பதினோரு நாள் தெருவில் நின்ற பீரோ

என் கல்யாணப் பீரோ பதினோரு நாள் தெருவில் நின்றது. அத்தனை நாளும் காலையில் குளித்துவிட்டு, கசங்கிய பழைய புடவையோடு வீட்டை விட்டு வெளியே வந்து, சந்தில் நின்று பீரோவைத் திறந்து, அன்றைக்குக் கட்ட வேண்டிய புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில், ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது.

என் அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் எங்களுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கே ரோடு அகலம், வாசல் அகலம், எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரு வீட்டில் நுழைகிற சாமான் எல்லா வீட்டிலும் நுழையும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம்தான் இருந்தது என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

கடையில் விற்கிற பீரோவெல்லாம் வெறும் தகரம் என்பார் அப்பா. எனக்குச் சீராகக் கொடுக்கிற பீரோவைப் புதுப்பட்டினத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தார். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் பட்டறையில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். நாலடி அகலம், இரண்டடி ஆழம், ஆறரை அடி உயரம். மூன்று கதவு. நடுக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. தகடு அவ்வளவு கெட்டி. காலி பீரோவையே நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடிந்தது. வேலையில் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அளக்கிறவர் அவர். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியை மட்டும் அளக்கவில்லை. இரண்டு தடவை அந்த வழியாக நடந்துபோயிருக்கிறார். இரண்டு தடவையும் கையில் பழத்தட்டு இருந்தது, மனசில் வேறு கவலை இருந்தது.

என் கணவர் வீடு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பெரிய தெருவிலிருந்து ஒரு சந்து பிரியும். சந்து அப்படியொன்றும் குறுகல் இல்லை. சின்ன வண்டி ஒன்று உள்ளே வந்துவிடும். ஆனால் சந்தின் முடிவில், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கும் எங்கள் வீட்டுப் பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு நடைவழி. அதில் பத்தடி போய் வலப்பக்கம் திரும்பினால்தான் எங்கள் வாசல். கட்டிலைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நாற்காலி, பாத்திரம், மிக்ஸி எல்லாம் போய்விட்டன. பீரோ நேராகப் போனது, திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். தலைக்கு மேல் தூக்கித் திருப்பலாம் என்றால் எங்கள் ஓட்டுச் சாய்ப்பு இடித்தது. டெம்போவில் வந்தவர்கள் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, பீரோவைப் பின்னால் இழுத்து வந்து சந்தின் முடிவில் ஒரு சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போனார்கள். அன்று வியாழக்கிழமை.

அந்த நடைவழி முன்னே நாலடிக்கு மேல் இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரைப் புதிதாகக் கட்டும்போது இந்தப் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்று என் மாமியார் சொன்னார். கல்யாணப் பேச்சில் இந்தக் கதை வரவில்லை. பீரோ மாட்டிக்கொண்ட அன்று மத்தியானம்தான் முழுக்கதையும் என் காதில் விழுந்தது. ஆறு வருடமாகக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. மாமனார் கேஸ் நடக்கும்போதே இறந்துபோனார். அவர் போனதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் போனதற்கு இங்கிருந்து யாரும் போகவில்லை.

யாராவது பீரோவைப் பற்றி விசாரித்தால் மாமியார் முகம் ஒருமாதிரி தெளிந்துவிடும். கீரைக்காரி கேட்டாள், தபால்காரர் கேட்டார். எல்லாரையும் நடைவழிக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். "நிக்கட்டும். அவன் இன்னா வேல பண்ணி வெச்சிருக்கான்னு ஊரே பாக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பீரோவை உள்ளே கொண்டுவர அவருக்கு அவசரமே இல்லை. ஆறு வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது ஆறரை அடியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

அம்மா பீரோவுக்குள்ளேயே அடுக்கி அனுப்பியிருந்த புடவைகளை எடுத்து ஒரு இரும்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி இருந்தது. ஆனால் பீரோவைக் காலி செய்துவிட்டால் அது வெளியிலேயே நின்றுவிடும் என்று எனக்குப் பயம். அது நிறைந்திருக்கிற வரைக்கும் அது என்னுடையது, உள்ளே வரவேண்டியது.

என் கணவர் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். காலை ஆறு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்பினால் திரும்பி வர எட்டாகிவிடும். கெட்ட மனிதர் இல்லை. அம்மாவையும் கடிந்து பேசமாட்டார், என்னையும் கடிந்து பேசமாட்டார். "ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுவீட்டுக்கு அணுபுரம் போனோம். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அப்பா கேட்டார், பீரோவை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறோம் என்று. கணவர் என் முகத்தைப் பார்த்தார். கிழக்கே பார்த்து வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அது பொய் இல்லை. தெருவில் அது கிழக்கே பார்த்துத்தான் நின்றது.

பீரோ நின்றது ஒரு ஆயாக்காவின் வீட்டுச் சுவரோரம். அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர். அவருடைய அம்மாவும் அப்பாவும் யாருடைய நிலத்திலோ கூலிக்கு நாற்று நட்டவர்கள் என்று ஒருநாள் சொன்னார். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு அவர் வீடு திரும்புகிற நேரமும் நான் பீரோவைத் திறக்க வருகிற நேரமும் ஒன்றாக இருந்தது. முதல் நாள் நான் கதவைத் திறந்துவிட்டு, உள்ளாடைகளை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆயாக்கா தன் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு போர்வையை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளும் வந்து நின்றார். மூன்றாம் நாள் பேச்சு வந்துவிட்டது.

"இன்னாமா, இன்னிக்கு இன்னா கலரு?" என்பார். நான் சொல்வதற்குள் அவரே ஊகிப்பார். பெரும்பாலும் தப்பாகத்தான் ஊகிப்பார். என் பேச்சில் தென்காசி வாடை அடிப்பதைக் கேட்டுச் சிரிப்பார். ஆஸ்பத்திரியில் ராத்திரி பிறந்த குழந்தைகளின் கணக்கைச் சொல்வார், இத்தனை ஆண், இத்தனை பெண் என்று. பத்து நிமிடம், அதிகம் போனால் கால் மணி. அதற்குப் பிறகு நான் உள்ளே போனால் கணவர் வரும்வரை வீட்டில் பேச்சென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாமியார் தன் வேலையைப் பார்ப்பார். நான் அரிசி களைவதற்கும் அவர் அரிசி களைவதற்கும் வித்தியாசம் இருந்தது. அதைக்கூட அவர் வாயால் சொல்லமாட்டார், நான் களைந்ததை எடுத்து இன்னொரு தடவை களைவார். மத்தியானத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும். அந்த ரயில் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. முன்னாலேயே ஆயாக்கா எங்கிருந்தோ ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து மூடியிருந்தார். ஆனால் தண்ணீர் கீழே ஓடியது. காலையில் போய்த் திறந்தபோது கீழ்த்தட்டில் தண்ணீர் கட்டியிருந்தது. என் கூறைப்புடவையின் முந்தானை ஓரத்தில் ஒரு கை நீளத்துக்குச் சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளைப் பாவாடையில் ஏறியிருந்தது. நான் அழவில்லை. பாவாடையைப் பிழிந்து ஆயாக்கா வீட்டுக் கொடியில் போட்டேன். மாமியாரிடம் காட்டியபோது, வக்கீலிடம் இதையும் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். காய்ந்த பாவாடையை எடுக்கச் சந்துக்கு வந்தேன். சந்தின் முனையில் அப்பா நின்றிருந்தார், கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. பீரோவுக்கு மாற்றுச் சாவி செய்து கொண்டுவந்திருந்தார். அவர் முதலில் பீரோவைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். மெதுவாக வந்து தார்ப்பாயைத் தூக்கி, கீழே குனிந்து, காலில் பிடித்திருந்த துருவை நகத்தால் சுரண்டினார்.

"கெழக்கப் பாத்துதான் வச்சிருக்கீங்க" என்றார்.

அவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். அவர் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். நடைவழிக்குள் போய்ச் சுவருக்குச் சுவர் வைத்து அளந்தார். திருப்பத்தில் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். அளந்தால் மட்டும் அகலமாகிவிடப் போகிறதா என்று எனக்குத் தோன்றியது. திரும்பி வந்து, "ரெண்டடி நாலங்குலம். தப்பு என் மேலதாம்மா" என்றார்.

உள்ளே மாமியார் அவருக்குக் காபி கொடுத்து ஒரு மணி நேரம் கேஸைப் பற்றிச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பீரோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், சின்னதாக இரண்டு செய்து கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். மாமியார் ஒப்பவில்லை. கொடுத்த சீரைத் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்றார். அது நியாயமாகவே இருந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஏற்றிவிட நான் கூட வந்தேன். அணுமின் நிலையத்தில் கனமான இயந்திரங்களைத் தூக்கி வைக்கிற கலாசி ஒருவர் இருக்கிறார் என்றார். கோவளத்துக்காரர், அவர் தூக்கி வைக்காத சாமானே கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் கொண்டுபோய், பின்பக்கச் சுவருக்கு மேலே தூக்கி, எங்கள் கொல்லையில் இறக்கினால்தான் ஆகும். அப்பாவே போய்க் கேட்டால் சம்பந்தியம்மாளுக்கு மரியாதையாக இருக்காது. "மாப்பிள்ளைய ஒரு வார்த்த கேக்கச் சொல்லு" என்றார். பஸ் ஏறும்வரை மாற்றுச் சாவியைக் கொடுக்க மறந்து, ஏறின பிறகு ஜன்னல் வழியாக நீட்டினார்.

அன்று ராத்திரி கணவர் வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "எங்கப்பா செத்துக் கெடந்தப்போ அந்த வீட்டு ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அங்க போய் நான் எப்படி நிப்பேன்?" என்றார். அவரை மேலே வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மறுநாள் நானே போனேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்கள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள். மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். நான் கேட்டைத் திறந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ நன்கொடை கேட்க வந்த பெண் என்று நினைத்து எழுந்தார். நான் யார் என்று சொன்னதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "உங்க மாமியாருக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன்.

"போய்ச் சொல்லிடுங்க. அவங்க சரின்னாலும் இல்லன்னாலும் ஞாயித்துக்கிழம என் கேட்டு தொறந்துதான் இருக்கும். பின்னாடி ஒரு முருங்க மரம் இருக்கு. கெள ஒடியாம பாத்துக்கச் சொல்லுங்க. என் சம்சாரம் வெச்சது."

பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். எந்த ஊர், என்ன படித்தேன், வேலைக்குப் போக ஆசையா என்று கேட்டார். பி.காம். படித்தேன் என்றேன். அப்படியா, பண்டகசாலையில் அந்தக் காலத்தில் பி.காம். படித்தவர்களே இல்லை என்றார். அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம். செங்கல்பட்டுக்கு வந்த பிறகு நான் என்ன படித்தேன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எழுந்து வரவே மனமில்லை. அதற்காக என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றின பிறகு மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அவன் வூட்ல உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன், அத்தை."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பங்குனி மாதம் வரைக்கும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் கலாசியும் இன்னும் நாலு பேரும் ஒரு சின்ன லாரியில் வந்தார்கள். கலாசிக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான மனிதர், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். பீரோவைத் தொடவே இல்லை. முதலில் போய் இரண்டு கொல்லைகளையும் பார்த்தார். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "செவுத்து மேல எதையும் சாய்க்காதீங்க. செவுறு கேஸ்ல கீது" என்று தன் ஆட்களிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு ஒரே ஒரு தடவை சிரிப்பைப் பார்த்தேன்.

பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். நானும் ஆயாக்காவும் என் புடவைகளைப் போர்வைகளில் மூட்டையாகக் கட்டி நடைவழியாக உள்ளே கொண்டுபோனோம். பத்து நாளாக உள்ளே போகாமல் இருந்ததெல்லாம் ஏழெட்டு நடையில் கட்டிலுக்கு வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று மூன்று பெரிய சவுக்குக் கழிகளைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் சங்கிலிக் கப்பியை மாட்டினார்கள். பீரோவைச் சாக்கிலும் கயிற்றிலும் சுற்றினார்கள். கண்ணாடிக்கு என் கல்யாண மெத்தையையே வைத்துக் கட்டினார்கள். கலாசி சங்கிலியை இழுக்க இழுக்க, பீரோ ஒரு பக்கமாகத் தலையைத் தூக்கி மெல்ல மேலே எழுந்தது. முருங்கைக் கிளையைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கையாலேயே வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பீரோ சுவருக்கு மேலே வந்து எங்கள் பக்கம் திரும்பித் தொங்கியபோது மாமியார் கொல்லைக் கதவில் வந்து நின்றார். அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அவர் கத்தவில்லை. இது என் வீட்டுக் கதவு, அவன் கொல்லை வழியாக வந்த சாமான் இதற்குள் நுழையாது என்று மட்டும் சொன்னார். அப்பா கையைக் கூப்பினார். என் கணவர் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

கலாசி சங்கிலியைப் பிடித்தபடியே சொன்னார்: "எம்மா, சங்கிலி தாங்கிக்கும். கழி நிக்கறது மழ பேஞ்ச மண்ணுல கீது. ரொம்ப நேரம் நிக்காது. ஒண்ணு வழி வுடு, இல்ல திருப்பி எடுத்துகினு போறேன். இன்னா சொல்ற?"

மாமியார் நகரவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"அக்கா, கேஸு கேஸா இருக்கட்டும். அந்தப் பொண்ணோட சாமான எறக்கிக்கலாம்."

முன்னெல்லாம் அவர் மாமியாரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாமியார் கதவை விட்டு விலகி, கிணற்றடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் பீரோ எங்கள் அறைக்குள் வந்துவிட்டது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம்தான் மிச்சம். அப்பா சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கலாசியோடு லாரியிலேயே ஏறிப் போனார். போகும்போது என் தலையில் கையை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நான் நிஜமாகவே தனியாக ஆனேன். காலையில் எனக்குச் சந்துக்குப் போக ஒரு காரணமும் இல்லை. புடவை அறையிலேயே இருந்தது. முதல் வாரம் கையில் ஏதாவது ஒரு வாளியை எடுத்துக்கொண்டு சந்து முனைவரை போய்ப் பார்த்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரியும். திரும்பி வந்துவிடுவேன். ஒருநாள் சந்தில் ஆயாக்கா எதிரே வந்தார். "பீரோ உள்ள போச்சு, நீயும் உள்ள போய்ட்ட" என்றார். கேலியாகத்தான் சொன்னார். சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவருக்கு மதுராந்தகத்துக்கு மாற்றலாகிவிட்டது. சொல்லிக்கொள்ள வந்தபோது நான் அணுபுரம் போயிருந்தேன்.

மாமியார் பேசாமல் இருந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டை போட்டிருந்தால் சொல்ல இருந்திருக்கும். உப்பு வேண்டுமென்றால் காலி டப்பாவை என் முன்னால் வைப்பார். பால்காரன் வந்தால் பாத்திரத்தைத் தட்டுவார். கணவர் இருக்கும்போது அவரிடம் பேசுவதுபோல எனக்குச் சொல்வார். கணவர் இல்லாத பதினாலு மணி நேரத்தில் என் குரலை நானே கேட்கிறதற்காகப் பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். மத்தியானம் கொல்லைப் பக்கம் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கும். ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசலாம். பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்று பேரும் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் அப்படி இருந்தோம்.

பங்குனியில் ஒருநாள் மாமியார் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை.

"இதுல பூட்டு நல்லா வுழுதா?" என்றார்.

"விழுது, அத்தை."

"கரையான் ஏறாதில்ல?"

"ஏறாது."

மூட்டையில் கேஸ் காகிதங்கள் இருந்தன. மரப்பெட்டியில் கரையான் பிடித்துவிட்டதாம். நான் பீரோவின் உள்லாக்கரைத் திறந்து கொடுத்தேன். அவரே அடுக்கி வைத்தார். அதற்குப் பிறகு வாய்தா வரும்போதெல்லாம் என்னிடம் சாவி கேட்பார். சாவியிலிருந்து மெல்ல மற்றப் பேச்சும் வந்தது. அதை நான் சமாதானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் இன்னொரு மனுஷக் குரல் இருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் பகலெல்லாம் நானும் மாமியாரும்தான். என் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அம்மாவோடு தென்காசிக்குப் போனார். சாமான் ஏற்றுகிற அன்று நான் அணுபுரம் போயிருந்தேன். அகலமான வாசல் வழியாக எல்லாம் ஒரு மணி நேரத்தில் வெளியே போய்விட்டன. வெறும் அறைகளைப் பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். நினைத்த நேரத்தில் போய் இறங்க ஒரு வீடு அன்றோடு இல்லாமல் போனது.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் இறந்தார். இந்தத் தடவை மாமியார் துக்கத்துக்குப் போனார். நான் கூடப் போனேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். வீட்டைப் பெண்கள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுவரையொட்டி மூன்று மாடி எழுப்பினார். கேஸ் யாருக்கும் வேண்டாததாகி, ஒருநாள் வக்கீல்களே சமரசம் பேசி முடித்தார்கள். நடைவழி அதே ரெண்டடி நாலங்குலம்தான். அந்த முடிவைக் கேட்க மாமியார் இல்லை. முந்தின மாசியில்தான் இறந்துபோயிருந்தார். அவர் போன பிறகுதான், பேசாமல் இருந்த மாதங்களிலும் அவர் வீட்டில் இருந்தார் என்பது எனக்கு உறைத்தது.

பிறகு எனக்குத் திருவிடந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. கோவளத்தில் வாடகைக்கு ஒரு தரைத்தள வீடு பார்த்தோம். பீரோவை வெளியே கொண்டுவர வழி இல்லை. கொல்லைப் பக்கம் முழுக்க மாடிச் சுவர். இரும்பை அறுக்கிற காஸ் கட்டர் வைத்திருக்கிற ஒருவரைக் கூட்டிவந்து, அறைக்குள்ளேயே வைத்துத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தோம். தகடு கெட்டியாக இருந்ததால் நேரம் பிடித்தது. இவ்வளவு கெட்டியாக இப்போது யாரும் செய்வதில்லை என்றார் அறுத்தவர். தென்காசிக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

கோவளத்து வீட்டுக்குக் கட்டிலும் பாத்திரமும்தான் போயின. அரை மணியில் இறக்கிவிட்டார்கள். டெம்போ போன பிறகு கணவர் உள்ளே மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். கடற்காற்று பலமாக அடித்தது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். அவள் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மணல் வருகிறதே என்று சாத்தியிருப்பாள்.